ஆவுடையம்மாள் எதிர் மாநகராட்சி ஆணையர்

தளவாய் தன் மனைவி ஆவுடையம்மாளை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஓசூர் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு சாக்கு நிறையப் பனங்கிழங்கு. சரக்குக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றான் அவன். “யாவாரத்துக்குக் கொண்டுபோனாத்தான்யா சரக்கு. இது என் தங்கச்சி வீட்டுக்குத் திங்கக் கொண்டுபோறது. காலையில நீரு தின்ன இட்லிக்கு எவன்யா லக்கேஜ் போட்டான்?” என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. கீழே நின்ற தளவாயும் சிரித்தார். போய்ச் சேர்ந்ததும் போன் போடு என்று ஜன்னல் கம்பியைத் தட்டினார். அவள் திரும்பாமலே ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, சும்மா இரிங்க என்பதுபோல் ஆட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது. ஓசூரில் தங்கை வீட்டில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தை முழுதாக ஒரு தடவை பார்க்க விடாமல் செய்த அந்தக் கண்டக்டரைத் தளவாய் ஆறு வருஷமாக மனசுக்குள் அறைந்துகொண்டிருக்கிறார். இதோ இப்போதும், சட்டக் கல்லூரியின் ஏ.சி. அரங்கில், இரண்டாவது வரிசையில், முழங்கால் விறைக்க உட்கார்ந்து அவனை ஓங்கி அறைந்துகொண்டிருந்தபோதுதான் மேடையில் பேராசிரியர் தெய்வசிகாமணி, “சரி, ஆவுடையம்மாளின் பலவீனம் என்ன?” என்று மாணவர்களைப் பார்த்துக் கேட்டார். தளவாயின் கை அப்படியே நின்றது. பலவீனமா? அவளுக்கா?

சட்டம் படித்தவர்களுக்கு இது பழக்கம். வழக்குப் போட்டவர் பெயரே அந்தத் தீர்ப்புக்குப் பெயராகிவிடும்; பிறகு அந்த ஆள் இருந்தால் என்ன, போனால் என்ன. ஆவுடையம்மாளைப் படித்தாயா என்பான் ஒருவன். ஆவுடையம்மாளில் பதினேழாவது பத்தி அருமை என்பான் இன்னொருவன். ஆவுடையம்மாள் நம் வழக்குக்குப் பொருந்தாது, பிரித்துக் காட்டிவிடலாம் சார் என்று ஒரு வக்கீல் சொல்லத் தளவாயே கேட்டிருக்கிறார். எதைப் பிரிப்பாய், எங்கே கை வைப்பாய் என்று அவன் கழுத்துப்பட்டையைப் பிடிக்கத் தோன்றியது. கோர்ட்டின் தென்மதில் ஓரம் சாக்கு விரித்து அவித்த கடலையும் கொய்யாவும் பனங்கிழங்கும் விற்றவள் அவள். லாரியில் வந்த மாநகராட்சி ஆட்கள் கடலைச் சட்டியை நடுரோட்டில் கவிழ்த்த அன்றைக்கு, கொதிக்கிற தண்ணீர் காலில் பட்டுக் கொப்பளித்தபடியே எழுந்து கோர்ட்டுக்கு உள்ளே போனாள். முதலில் கண்ணில் பட்ட மெர்சி வக்கீலம்மாவின் கறுப்புக் கவுனைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதானம்மா தினம் எங்கிட்ட கடலை வாங்குதிய, நியாயம் சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான் ஆரம்பம். மற்றதெல்லாம் பிறகு வந்தது. அரசமைப்பின் உறுப்பு பத்தொன்பது, எந்தத் தொழிலும் வணிகமும் செய்யக் குடிமக்களுக்கு உள்ள உரிமை, அதன் வாலைப் பிடித்தே வரும் நியாயமான கட்டுப்பாடுகள். நியாயமான! அந்த ஒரு சொல்லைத் தளவாய் எத்தனை ராத்திரி மென்றிருக்கிறார். நூற்பாலையில் பிட்டராக இருந்தவர், இங்கிலீஷில் இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று மாவட்ட நூலகத்தில் அரசமைப்பின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அகராதியோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டவர். நியாயம் என்றால் யாருக்கு நியாயம் என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை. வழக்கு மேலே போய், மாற்று இடம் தரும்வரை மனுதாரர் ஆவுடையம்மாள் தென்மதில் ஓரம் வியாபாரம் செய்வதைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதில் இத்தனை அடிக்கு இத்தனை அடி என்று அளவு எழுத நீதிபதி மறந்துவிட்டார். ஆகவே மதில் முழுதும் ஆவுடையம்மாள் கடை. அந்த மறதியில்தான் அங்கே பத்துப் பதினோரு பெண்கள் பிழைத்தார்கள். லாரி வந்தால், எல்லாம் அக்கா கடைதான் சார், நாங்க ஒத்தாசைக்கு இருக்கோம் என்பார்கள். அதிகாரிக்கு உத்தரவைப் படித்தால் தலை சுற்றும். கோர்ட்டு அவமதிப்பு ஆகிவிடுமோ என்று லாரி திரும்பிப் போய்விடும். இதையெல்லாம் பேராசிரியர் இப்போது அழகான இங்கிலீஷ் கலந்த தமிழில், திரையில் படம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அது நல்ல தீர்ப்பு, ஆனால் அது முழுமையான தீர்ப்பு அல்ல என்றார். அது, அது. தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஓசூரில் பிள்ளையில்லாத குறைக்குத் தளவாயே கொள்ளி வைத்தார். மீசையும் தலையும் மழித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, இறங்கினவுடன் வீட்டுக்குப் போகாமல் மதிலோரம் போனார். அழுவதற்கு அந்த ஊரில் அவருக்கு வேறு இடம் தெரியவில்லை. பிரகாசிதான் முதலில் பார்த்தது. கொய்யா விற்கிறவள், வாய் ஓயாதவள், ஆவுடையை மைனி மைனி என்று சுற்றி வந்தவள். மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். ஓங்கின கையை அப்படியே இறக்கி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அவரை மதில் பக்கம் இழுத்துப் போய், “அண்ணாச்சி, அழாதிய. இங்க அழாதிய. எதுக்க டீக்கடையில கார்ப்பரேசன்காரன் நிக்கான்” என்றாள். ஏன் என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. “போஸ்டர் ஒட்டிராதிய. யார் கேட்டாலும் திருச்செந்தூர்ல முடி இறக்குனேன்னு சொல்லுங்க. மைனி தங்கச்சி வீட்டுல இருக்கான்னு சொல்லுங்க. உத்தரவு மைனி பேருக்குல்லா இருக்கு? மைனி போயிட்டான்னு தெரிஞ்சா நாளைக்கே லாரி வந்துரும்.” மற்றப் பெண்கள் சாக்கை விட்டு எழுந்திருக்காமல், தராசைத் தூக்கிப் பிடித்தபடி, வாடிக்கைக்காரர்களுக்கு நிறுத்துப் போட்டபடி, ஓசையில்லாமல் கண்ணீர் விட்டார்கள். ஒருத்திகூட ஒரு சொல் ஒப்பாரி வைக்கவில்லை. ஒரு மனுஷிக்கு இப்படி ஒரு சாவா என்று தளவாய்க்கு அன்றைக்கு வந்த ஆத்திரம், யார்மேல் என்றே சொல்ல முடியாத ஆத்திரம். பிரகாசிமேல், சாக்குகள்மேல், பதினேழாவது பத்திமேல், பேசாமல் ஓசூரில் போய் விழுந்துவிட்ட ஆவுடைமேல். திருச்செந்தூரில் இறக்கினேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். நல்லது, வேண்டுதல் என்ன என்று கேட்டான் ஒருத்தன். வீட்டுக்காரிக்கு நீண்ட ஆயுசு வேண்டும் என்றார். எப்படித்தான் அது வாயில் வந்ததோ.

அப்புறம் லாரி வரும்போதெல்லாம் பிரகாசிதான் ஆவுடையம்மாள். முதல் தடவை ஒத்திகை இல்லாமல் போய், ஆவுடையம்மாள் யார் என்று அதிகாரி கேட்க, மதிலின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தியும் இந்தக் கோடியிலிருந்து பிரகாசியும் ஒரே நேரத்தில் நான்தான் சார் என்று எழுந்து நின்றுவிட்டார்கள். அதிகாரி முழித்தார். பிரகாசி சளைக்காமல், “ஏன் சார், உங்க ஆபீசுல எத்தனை முருகன் இருக்காக? ஊருக்குள்ள ஒரு ஆவுடையம்மாதான் இருக்கணும்னு அதுக்கும் உத்தரவு போட்டுருக்கா?” என்றாள். அதைச் சொல்லிச் சொல்லி மதிலோரமே பல நாள் சிரித்தது. தளவாயும் சிரித்தார், சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சுவரைக் குத்தினார். அந்தச் சிரிப்பு ஆவுடையுடையது, அந்தப் பேச்சு ஆவுடையுடையது, அதைக்கூட எடுத்துக்கொண்டார்களே. எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள், பாவம். பாவம் என்று நினைத்தால் ஆத்திரம் இன்னும் கூடியது. சரி, சட்டத்தில் ஒரு வழி இருக்காதா என்று மறுபடி நூலகத்துக்குப் போனார். சாலையோர வியாபாரிகள் சட்டத்தில் இருந்தது வழி. வியாபாரி செத்துப்போனால் அவர் இடத்தில் கணவனோ மனைவியோ உட்காரலாம், அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளை. படித்ததும் தளவாய் எழுந்தே நின்றுவிட்டார், கொய்யா விற்கத் தெரியாவிட்டால் என்ன, கற்றுக்கொள்ளலாம். உட்கார்ந்து மறுபடி படித்தபோதுதான் தெரிந்தது, அது வியாபாரச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு. மதிலோரம் வியாபாரம் செய்யக் கூடாத பகுதி என்று கணக்கெடுப்பில் எழுதிவிட்டதால் அங்கே யாருக்கும் சான்றிதழ் இல்லை. ஆவுடையிடம் இருந்தது தீர்ப்பு. சான்றிதழுக்கு வாரிசு உண்டு, தீர்ப்புக்குக் கிடையாது. புதிதாக மனுப் போடலாமே என்று மெர்சி வக்கீலம்மாவைக் கேட்டார். போட்டால் பழைய மனுதாரர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் அவரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள். தெரியாததுபோல் இருந்துவிடுகிறேன் அண்ணாச்சி என்றாள். தெரியாததுபோல் இருக்கிறார்கள். எல்லாரும் தெரியாததுபோல் இருப்பதில்தான் மதில் நிற்கிறது. ஒரு பெண் வாழ உரிமை வாங்கினாள். அதற்காக அவளைச் சாக விட மாட்டேன் என்கிறார்கள். இது எந்த உறுப்பில் வருகிறது?

மேடையில் தண்ணீர் குடித்துவிட்டுப் பேராசிரியர் தொடர்ந்தார். நல்ல மனிதர். அதுதான் தளவாய்க்குப் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் எழுந்து ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். டெல்லியில் இருப்பவர், சிறு வியாபாரிகளுக்காக எழுதுகிறவர், தன் நூலுக்காக மூன்று மாணவிகளை மதிலோரம் அனுப்பியவர். அந்தப் பிள்ளைகள் வந்து ஆவுடையம்மாள் யார் அம்மா என்று கேட்க, பிரகாசி பழக்க தோஷத்தில், லாரிக்காரனுக்குச் சொல்வதுபோல் நான்தான் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். பிள்ளைகள் கைகுலுக்கி, கொய்யா வாங்கி, பேராசிரியரிடம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டோம் என்றார்கள். அடுத்த வாரம் அழைப்பிதழ் வந்துவிட்டது, வழக்குத் தொடுத்த வீரப் பெண்மணிக்குப் பொன்னாடை என்று. சிறப்பு விருந்தினராக மாநகராட்சியின் வக்கீல் சங்கரநயினார் வருகிறார் என்றும் அதில் இருந்தது. எதிர்த்து வாதாடியவரையும் கூப்பிட்டுப் பேச வைப்பது பெருந்தன்மையாம். சங்கரநயினார் மதுரைக்குக் குடிபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் ஆவுடையின் முகம் அவருக்குத் தெரியும். கோர்ட்டு வாசலில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். “நான் போறேன் அண்ணாச்சி. மூக்குத்தியை மாத்திக்கிட்டா தெரியவா போவுது? எனக்கும் ஒரு பொன்னாடை கிடைச்ச மாதிரி இருக்கும்லா” என்றாள் பிரகாசி. தளவாய் அவள்மேல் எரிந்து விழுந்தார். ஆவுடை பெயரைச் சொல்லி இன்னொருத்தி மேடை ஏறுவதா? லாரிக்காரனிடம் சொல்வது வயிற்றுக்கு. இது வேறு. “அப்ப நீங்களே போயிச் சொல்லுங்க, உயிரோட இருக்கான்னு. உங்க வாயால சொல்லுங்க பார்ப்போம்” என்றாள் அவளும் கோபத்தோடு. சொல்கிறேன் என்றுவிட்டார். அவர் சொல்லாமல் வந்துவிடுவார் என்று பயந்தோ என்னவோ, அவளும் கூடவே வந்து, மாணவிகள் கண்ணில் படாமல் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முன் வரிசையில் சங்கரநயினாரின் நரைத்த பிடரி தெரிகிறது. காலர் மடிப்பில் ஒரு நூல் பிரிந்து தொங்குகிறது. தளவாய் வெகுநேரமாக அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுதான் பலவீனம்” என்றது ஒலிபெருக்கி. “நீதிமன்றம் உரிமையை மனுதாரரின் கையில் கொடுத்தது, மதிலுக்குக் கொடுக்கவில்லை, அங்கே உட்காரும் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. தனிநபர் நிவாரணம். அந்தத் தனிநபர் நாளை இல்லை என்றால்? உரிமையும் இல்லை. நல்லவேளையாக அந்த அம்மா இன்றைக்கும் அங்கே கடை போட்டிருக்கிறார்.” கைதட்டல். சரியாகத்தான் சொல்கிறார். தளவாய் ஆறு வருஷமாகச் சுவரிடம் சொன்னதைத்தான் இவர் மைக்கில் சொல்கிறார். அதற்காக இவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்றும் இருந்தது, அந்த நல்லவேளையாக என்ற சொல்லை அவர் தொண்டைக்குள்ளேயே திருப்பித் திணிக்க வேண்டும் என்றும் இருந்தது. நல்லவேளையாம். எழுந்து நின்று சொல்லிவிட்டால் என்ன? செத்துப்போய்விட்டாள் ஐயா. ஓசூரில், குழாயடிக்குப் பக்கத்தில், வாயில் வெற்றிலையோடு. நான்தான் கொள்ளி வைத்தேன். அவளுக்கு ஒரு வருஷத் திதிகூட ஊரறியக் கொடுக்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இத்தனை பேர் முன்னால் என் பெண்டாட்டி செத்துப்போனாள் என்று சத்தம் போட்டுச் சொல்லி அழுதுவிட்டால் இந்த நெஞ்சுக்கல் இறங்கிவிடும். சொல்ல எனக்கு உரிமை இல்லையா? அதே பத்தொன்பதாவது உறுப்பில்தானே பேச்சுரிமை முதலாவதாக இருக்கிறது. தொழில் உரிமை கடைசியில் அல்லவா வருகிறது. முதலாவது பெரிதா, கடைசி பெரிதா? அப்படி ஒரு கேள்வி இந்தப் புத்தகங்களில் எங்கேயாவது இருக்குமா? பிரகாசிக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி இன்னும் பள்ளியில். மற்றவர்களையும் ஒவ்வொருத்தியாகத் தெரியும். புருஷன் குடிகாரன், புருஷன் ஓடிப்போனவன், புருஷனே இல்லாதவள். தெரிந்துதொலைக்கிறதே. தெரியாமல் இருந்தால் சொல்லியிருப்பேன். ஆவுடை, நீ ஏன் இவர்களையெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்தாய்? ஒதுங்கி உட்காரு என்று ஒருத்தியையாவது விரட்டினாயா? வா வா, இடம் கிடக்கு என்று சாக்கை நகர்த்தி நகர்த்திப் போட்டாயே. இப்போது உனக்கே இடம் இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். திருமதி ஆவுடையம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம். அரங்கமே திரும்பிப் பார்த்தது. தளவாய் எழுந்தார். கால்கள் தானாக நடந்தன. படியில் ஒரு மாணவன் கைகொடுக்க வந்ததைத் தட்டிவிட்டு ஏறினார். வீட்டுக்காரர் என்று யாரோ காதில் சொல்ல, பேராசிரியர் முகம் மலர்ந்து, “அம்மா வரலியா ஐயா?” என்று கேட்டபடி மைக்கை அவர் வாயருகே நீட்டினார். கீழே சங்கரநயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தார். தூணுக்குப் பின்னால் ஒரு முக்காடு அசையாமல் இருந்தது. செத்து என்ற மூன்று எழுத்து தளவாயின் வாய்வரை வந்து நின்றது. கோபத்தில் அவர் முகம் சிவந்ததைப் பார்த்து, ஐயா உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று ஒருவர் ஆறுதலாக முதுகைத் தடவினார். அந்தக் கை பட்டதும் தளவாய் முதுகை உதறினார்.

“வரலை” என்றார். குரல் அதட்டலாக வந்தது. “யாவார நேரத்துல என்னத்துக்குக் கூப்பிடுதாகன்னு கேட்டா. கடையைப் போட்டுட்டு வர முடியாதுன்னுட்டா.”

சிரிப்பும் கைதட்டலும் கூரையில் போய் மோதின. மாணவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. “இதைவிட இந்த உறுப்புக்கு விளக்கம் வேண்டுமா?” என்று கேட்டுவிட்டு, அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று பொன்னாடையைத் தளவாயின் தோளில் போட்டார். ஆவுடைக்குப் போட வேண்டியது. ஓசூரில் தங்கையின் பழைய சேலையைத்தான் போர்த்தினார்கள். பொன்னாடை மொடமொடவென்று கழுத்தை அறுத்தது. அந்தக் கைதட்டல் நிற்கிறவரை தளவாய் மனசுக்குள் ஒவ்வொருவராக வைதார். ஒரு தலைமுறையையும் விடவில்லை. வெளியில் கும்பிட்டார்.

தேநீர் கொடுக்கும் இடத்தில் சங்கரநயினாரே தேடி வந்தார். கையில் வடை. “என்னைய ஞாபகம் இருக்கா? உங்க வீட்டம்மா கோர்ட்டு வாசல்ல வச்சு, காசுக்காகத்தானவே எதிர்த்துப் பேசுதீரு, எங்கிட்ட கேட்டா நான் தரமாட்டேனான்னு கேட்டாக. நாலு ஜூனியர் முன்னால. வீட்டுல போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்” என்றார். தளவாய் தலையை ஆட்டினார். வக்கீல் வடையை மென்று விழுங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தாமல், விரோதமும் இல்லாமல், மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். “கமிஷனர் மாசாமாசம் கேக்காரு, அந்த மதிலை எப்பம்யா காலி பண்ணலாம்னு. அந்தம்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது சார்னு நானும் மாசாமாசம் எழுதிக் குடுக்கேன். நல்லா இருக்கச் சொல்லுங்க. கேட்டதாச் சொல்லுங்க.” அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தளவாய் அந்த முகத்தில் தேடினார். கண்ணாடியில் ஜன்னல்தான் தெரிந்தது. “சொல்லுதேன்” என்றார்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. கேட்டுக்கு அப்பால் பிரகாசி முக்காட்டை இறக்கிவிட்டு நின்றாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் பொன்னாடையை உருவி, சுருட்டி, அவள்மேல் எறிந்தார். பிடித்துக்கொண்டாள். விரித்துப் பார்க்கவில்லை, மடித்துக் கூடையில் வைத்தாள். பஸ்ஸில் பெண்கள் பக்கம் அவளும் ஆண்கள் பக்கம் அவரும் உட்கார்ந்தார்கள். ஆற்றுப்பாலம் தாண்டும்போது அவள் தோள்கள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. பக்கத்துச் சீட்டுக்காரி என்னம்மா, யாரும் தவறிட்டாகளா என்று கேட்டது தளவாய்க்கும் கேட்டது. “இல்ல, தூசி” என்றாள் பிரகாசி. கோர்ட்டு நிறுத்தத்தில் இறங்கி, தன் சாக்கில் போய் உட்கார்ந்து, கொய்யாவின்மேல் தண்ணீர் தெளித்து, கிலோ என்ன விலை என்று கேட்டவனுக்கு விலை சொன்னாள். கோர்ட்டின் தென்மதில் ஓரம் பதினோரு பெண்கள் கடை போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பெயருக்கும் உத்தரவு கிடையாது.